உயில் மேல் ஒரு தும்மல்

கையெழுத்துப் போடும் முன் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டது பசுபதியின் தவறுதான். வந்த தும்மலில் உயிலின் முதல் பக்கம் முழுக்கப் பழுப்புச் சளி தெறித்தது. பத்திர ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கும் ரோஸ்லின் முகத்தைச் சுளித்து நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

கல்யாணம், பிள்ளைகுட்டி என்று எதிலும் மாட்டாமல் அறுபத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டவருக்கு இருந்தது ஒரு ஓட்டு வீடு. அதை அக்கா மகன் ஞானசேகருக்கு எழுதிவைக்கத்தான் வந்திருந்தார். அவன் பாய்ந்து வந்து தன் கைக்குட்டையால் மாமாவின் மூக்கைத் துடைத்தான். மீசையையும் விடவில்லை. பிறகு அந்தக் கைக்குட்டையை விபூதிப் பொட்டலம் போலப் பயபக்தியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

தன் சளி மேல் பசுபதிக்கே இத்தனை பிரியம் வந்ததில்லை.

"ஏண்டா, வீடு இல்லேன்னாலும் துடைச்சிருப்பியா?"

"போங்க மாமா, உங்களுக்கு எப்பப் பாத்தாலும் தமாஷ்தான். வாயைக் காட்டுங்க, அங்கயும் ஒட்டியிருக்கு."

காட்டினார். சுகமாக இருந்தது. சளியைவிட அந்தச் சுகம்தான் அவருக்கு அதிக அருவருப்பைத் தந்தது.

ரோஸ்லின் புதுத் தாளைச் செருகி முதலிலிருந்து அடித்துக்கொண்டே வந்து, வீடு யாருக்கு என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அதே பேருதானா சார்?"

"நீயே சொல்லும்மா. இவன் துடைச்சது எனக்காகவா, வீட்டுக்காகவா?"

"வீட்டுக்காகத்தான் சார்," என்றாள் ரோஸ்லின். "ஆனா துடைச்சாரே! எனக்குப் பத்து வீடு எழுதி வச்சாலும் நான் துடைக்க மாட்டேன்."