பச்சை நகம்

“அந்தப் பச்சை டப்பாவைத் திறந்து காட்டுங்க.”

இதை மட்டும் போய்க் கேட்டுவிடாதே என்று காலையிலேயே வீட்டில் அவளைத் தடுத்திருந்தார்கள்.

“என்ஜின் சூட்டைத் தணிக்கிற கம்பெனி கூலன்ட் மேடம்,” என்றார் ஒர்க்‌ஷாப் முதலாளி. “துரு மருந்து, ஓட்டை அடைக்கிற மருந்து எல்லாம் இதுலயே இருக்கு. என்ஜினுக்குத் தாய்ப்பால் மாதிரி.”

அவளே மூடியைத் திருகி விரலை விட்டாள். வழவழப்பே இல்லை. விரல் நுனி மட்டும் பச்சையாகிவிட்டது.

“கூலன்ட் வழுக்கும், கழுவினா போயிடும். இது குழாய்த் தண்ணியில கரைச்ச சாயம். இதுவரைக்கும் எத்தனை என்ஜினுக்குப் பால் ஊத்தினீங்க?”

முதலாளியின் முகம் சுண்டியது. ரேடியேட்டர் கழுவிக்கொண்டிருந்த பெரியவரைக் கை காட்டினார்.

“எல்லாம் இவன் வேலை. பதினெட்டு வருஷமா இந்தத் தற்குறியோட மாரடிக்கிறேன். இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுறேன். படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்.”

பெரியவர் பச்சையேறிய நகங்களைத் துணிக்குள் மறைத்துக்கொண்டார்.

“நல்லாப் புரியுது. கலக்கச் சொன்னவர் முதலாளி, கலந்தவர் தற்குறி. இத்தனை வருஷத்துல அவர் குடும்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் யாருன்னு தெரிஞ்சிருக்கும்.”

“கேக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேம்மா,” என்று முனகினார் பெரியவர். “இருந்த வேலையும் போச்சு.”

“தினமும் உங்க நகத்தைப் பார்த்துட்டு எப்படிப்பா கேக்காம இருக்கிறது? புகார் எழுதிட்டேன். சாட்சி நீங்கதான். கைநாட்டு போதும்.”

டப்பாவை எடுத்துக்கொண்டு, அப்பா வருகிறாரா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் வாசலைத் தாண்டினாள்.