தூது வந்தவர்

"பொண்ணை ஊரைவிட்டுக் கூட்டிட்டுப் போக என் கையெழுத்து வேணும். அதைக் கேட்க அவ வராம உங்களை அனுப்பிச்சாளாக்கும்?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினார். எதிரே நின்றவர், அவருடைய முன்னாள் மனைவியைப் போன வருடம் மணந்துகொண்டவர். கையில் சம்மதக் கடிதம். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் மனிதருக்கு வியர்த்து வழிந்தது.

"அவங்களுக்கு டூட்டி சார். ஆஸ்பத்திரியில லீவு கிடைக்கலை."

"கோர்ட்டு எனக்குக் கொடுத்ததே சனிக்கிழமை ஒரு நாள்தான். அதுவும் பொறுக்கலையா?"

"அங்கே போயிட்டா பள்ளிக்கூட லீவுலதான் பாப்பாவைப் பார்க்க முடியும்" என்றார் வந்தவர், ஒளிவுமறைவே இல்லாமல். "ரயில்ல பதினாலு மணி நேரம். உங்களுக்கு முதுகு வலி வேறன்னு பாப்பா சொல்லுவா."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பது என்றால் இதுதான். கடைக்காரர் பல்லைக் கடித்தார்.

"அப்புறம், பாப்பா செலவுக்கு நீங்க மாசாமாசம் கட்டுற பணத்தை இனிமே கட்ட வேண்டாமாம்."

"என்னய்யா, என் பொண்ணை விலைக்கு வாங்க வந்தீங்களா?"

"அதைத்தான் சார் நானும் சொன்னேன். எந்த அப்பன் இதுக்கு ஒத்துப்பான்?"

கடைக்காரருக்குக் குழம்பியது. "நீங்க அவளுக்காகப் பேச வந்தீங்களா, எனக்காகப் பேச வந்தீங்களா?"

வந்தவர் மென்று விழுங்கினார். "அவசரம் இல்லை சார். நல்லா யோசிங்க. மாட்டேன்னு சொன்னாலும் யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

தூது அனுப்ப இதைவிட மோசமான ஆளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது.

கடைக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்தார். புது ஊரில் அவளுக்குக் கிடைத்த 'தலைமை நர்ஸ்' வேலை என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

"இந்த வேலைக்கு அவளை ஏற்கெனவே ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, தெரியுமா? போகக் கூடாதுன்னு நான்தான் ஒத்தைக்கால்ல நின்னேன். எங்களுக்குள்ள எல்லாமே அதுலதான் ஆரம்பிச்சது." தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாப்பா என்ன சொல்றா?"

"அங்கே அம்மாவுக்கு நைட் டூட்டி கிடையாது, தினமும் அம்மா பக்கத்துல தூங்கலாம்னு சொல்றா. சின்னப் பொண்ணுதானே சார், அவளுக்கு என்ன தெரியும்?"

சனிக்கிழமை இல்லாத வாரத்தை எப்படி ஓட்டுவது என்று நிஜமாகவே கடைக்காரருக்குத் தெரியவில்லை. மேஜையில் துழாவிப் பேனாவை எடுத்தார்.

"மூணாவது தடவையும் குறுக்கே நின்னா நான் மனுஷனே இல்லை. போட்டுத் தர்றேன். பணமும் எப்பவும்போல வரும்னு அவகிட்ட சொல்லிடுங்க. என் பொண்ணை நீங்க நல்லாப் பார்த்துக்கிட்டா அது போதும்."

பேனா காகிதத்தைத் தொடுவதற்குள், வந்தவரின் கை பாய்ந்து கடிதத்தை அமுக்கிக்கொண்டது. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"போட்டுடாதீங்க சார்! எனக்கும் முதல் கல்யாணத்துல ஒரு பையன் இருக்கான். இதே ஊர்ல, அவன் அம்மாகிட்ட. எனக்கும் வாரத்துல ஒரு நாள்தான். ஊரைவிட்டு வரமாட்டேன்னு வீட்டுல சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்க எப்படியும் மாட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு நம்பித்தான் சார், 'நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்'னு கிளம்பி வந்தேன்!"