யானை போகும் வழி

அமாவாசையன்று தறி ஓடாது என்பதால் காஞ்சிபுரத்துக் கிளை நூலகத்தில் காலையிலிருந்தே கூட்டம். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கதை என்று சொல்லிச் சொல்லி நூலகர் தயாவதிக்குத் தொண்டை வறண்டு கிடக்கிறது. மின்விசிறி சத்தம்தான் போடுகிறது; காற்று வரவில்லை. ஆறு வயது மகள் தன்ஷிகாவோடு நிற்கும் நெசவாளி ஏகாம்பரம், தயாவதி நீட்டிய பன்னிரண்டு பக்க யானைக் கதையை இரண்டே விரலால் தூக்கிப் பார்க்கிறான். "இன்னா மேடம், இவ்ளோ மெல்லிசா இருக்குது? அடுத்த அமாவாசைக்குத்தான் நான் வர முடியும். குண்டு புக்கா ஒண்ணு குடுங்க." வாதாடத் தெம்பில்லை அவளுக்கு. "மொதல்ல பாப்பாவுக்கு இங்கயே படிச்சுக் காட்டுப்பா," என்று பெஞ்சைக் காட்டுகிறாள். ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, காய்ப்பேறிய விரலால் வரிவரியாகத் தொட்டுப் படிக்கிறான். நாலே நிமிடத்தில் யானை குளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "பாத்தீங்களா மேடம், முடிஞ்சிடுச்சு," என்று அவன் நிமிர்வதற்குள் ஒரு சின்னக் கை முதல் பக்கத்துக்குத் திருப்புகிறது. "இன்னொரு வாட்டிப்பா." ஐந்தாவது வாட்டி யானை கிளம்பும்போது அவன் குரல் கம்மிவிடுகிறது. பரிதாபமாகத் தயாவதியைப் பார்க்கிறான். அவள் தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்துகிறாள். அடுத்த அமாவாசைக்கு இன்னும் முழுசாக ஒரு மாதம் இருக்கிறது.