மீட் ஷீல்டு

ஞாயிறு மதியங்களில் நாங்கள் நான்கு பேர் பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் போட்டு, கற்பனைக் குகைகளில் புதையல் தேடி விளையாடுவோம். மனைவி இறந்தபிறகு தனியாக இருந்த எங்கள் அலுவலகத்து அருமைநாயகம் சார் ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். எங்கள் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது. புரியக்கூடாது என்றே சில வார்த்தைகளைப் பேசினோம். பூதம் இருக்கும் குகைக்குள் அவருடைய வீரனைத்தான் முதலில் தள்ளுவோம். அவன் அடிவாங்கும் நேரத்தில் நாங்கள் புதையலை எடுத்துக்கொள்வோம்.

"மீட் ஷீல்டு ரெடியா?" என்று முதலில் கேட்டவன் நான். அடிவாங்க மட்டும் வைத்திருக்கும் சதைக் கேடயத்துக்கு இந்த ஆட்டம் ஆடுபவர்களிடையே அதுதான் பெயர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்படின்னா என்னப்பா?" என்றார் சார்.

"டீமுக்கே காவல்னு அர்த்தம் சார். நீங்க இல்லாம நாங்க இல்ல."

அடுத்த வாரம், ஆட்டத்தின் நடுவே, கனடாவிலிருந்து அவர் மகள் வீடியோவில் அழைத்தாள். சார் போனை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இவங்கதாம்மா. என்னை மீட் ஷீல்டுன்னுதான் கூப்பிடுவாங்க. நான் இல்லாம ஆட்டமே நடக்காதாம்."

அவள் சிரிப்பு நின்றுபோனது. கல்லூரியில் அவளும் இதே ஆட்டம் ஆடியவள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யாருப்பா அந்தப் பேரு வெச்சது?"

சார் என் தோளில் கைபோட்டார். "இவன்தாம்மா. ரொம்பப் பிரியமான பையன்."

நான் குனிந்து பகடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவப் பாத்துக்கோங்கண்ணா," என்றாள் கடைசியில்.