எஸ் எழுத்தின் கடைசிச் சொல்

“இன்னுமா ‘செட்’டு?”

மேனேஜர் கேட்டதும் எடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவர்கள் தயாரிக்கும் ஆங்கில அகராதியில் எஸ் எழுத்தின் மற்ற சொற்கள் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் சவ்வாக இழுத்துக்கொண்டிருந்தது.

“பொல்லாத சொல்லு சார். சூரியன் மறைஞ்சாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட். அலாரம் வைக்கிறதும் அதேதான். மேசை நாற்காலியைச் சேர்த்து வாங்கினா அதுவும் செட்டு. பெயர்ச்சொல்லா வருது, வினைச்சொல்லா வருது...”

“வரட்டும்மா. அதுக்காக மாசக்கணக்காவா? டைப்பிஸ்ட் பிரசவ ஆஸ்பத்திரியில, நீங்க அகராதிக்குள்ள, அச்சகத்துக்காரன் என் கழுத்துல!”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. “அம்மாவுக்கு வயசாயிடுச்சு” என்று யாரோ கிசுகிசுத்தது அவர் காதிலும் விழுந்தது.

“இன்னும் ரெண்டு அர்த்தம் சரிபார்க்கணும் சார்.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க.” மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் அலுத்துத்தான் போயிருந்தார். “தப்பா நினைக்காதீங்க. தலைமை எடிட்டர் பதவிக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருந்தேன். ஒரு சொல்லையே முடிக்காதவங்க எப்படின்னு மேலிடத்துல கேக்கறாங்க. உங்க ஜூனியருக்குக் கொடுத்தாச்சு.”

எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்திருந்த பதவி. வலிக்கத்தான் செய்தது.

“சரி சார்” என்றார்.

மதியம் அவருடைய செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், “அப்பாடா” என்றார். உடனே இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப்போய் மேனேஜர் முன்னால் வைத்தார்.

“செட் முடிஞ்சது சார்.”

மேனேஜர் புரட்டினார். ஓர் அர்த்தம்கூட விட்டுப்போகவில்லை. ஆனால் தாள்களின் ஓரமெல்லாம் சுருண்டிருந்தது.

“இது இன்னிக்கு எழுதினது இல்லையே?”

“போன மாசமே முடிச்சுட்டேன்.”

“அடக் கடவுளே! பின்ன ஏம்மா வந்த பதவியைக் கோட்டை விட்டீங்க?”

“ஒவ்வொரு எழுத்துக்கும் தனியா ஒரு டைப்பிஸ்ட்டை வைக்கிறதுதானே சார் நம்ம வழக்கம்? எழுத்து முடிஞ்சா அவளுக்கு வேலையும் முடிஞ்சது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆபீஸ்ல கொடுத்த கார்டும் அன்னிக்கே செல்லாமப் போயிடும்.”

எடிட்டர் அம்மா களைப்பாகச் சிரித்தார்.

“குழந்தையைத் தூக்கிக்கிட்டு இப்பதான் சார் அவ வீடு போய்ச் சேர்ந்தா.”