காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு

“யாருகிட்ட வித்தே? உண்மையச் சொல்லு!”

மடுல்சீமைத் தோட்டத்து டிஸ்பென்சர் நல்லையா, வாயில் வைத்து இழுக்கும் மருந்தின் காலிக் குப்பியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். மத்தியானம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வந்த இராக்கம்மாவின் நெஞ்சு, மேசைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி இரைந்தது.

“விக்கலீங்கய்யா. சத்தியமா.”

“பொய் சொல்லாத. நாலு மாசமா பதுளையிலருந்து உன் பேருக்கு வரவழைச்சுத் தர்றேன். இது உடனே மூச்சத் தொறக்குற மருந்து இல்ல. மூச்சுக்குழாய்க்குள்ள இருக்குற வீக்கத்த மெல்ல மெல்ல வத்த வைக்கிறது. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டுன்னு ஒழுங்கா இழுத்திருந்தா, உன்னோட லேசான இழுப்பு எப்பவோ அடங்கியிருக்கணும்.”

நல்லையாவுக்குக் கோபம் வந்தால் தொழிலாளர் வரிசை வீடான லயம் முழுக்கக் கேட்கும். இல்லாதவளுக்கு அலைந்து மருந்து வாங்கித் தருகிற புண்ணியவானும் அவர்தான்.

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மேட்டில் ஓடின. எல்லோருக்கும் முன்னால் பாக்கியலெட்சுமி. லயத்தில் இராக்கம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மாவின் மகள், ஏழு வயது.

“அந்தா பாரு. போன வருஷம் அந்த மேடு ஏற முடியாம குந்திக் குந்தி இரைச்ச புள்ள. மருந்து தர்றேன்னு கூப்பிட்டேன். ‘எங்க ரெண்டு பேரு வம்சத்துலயும் இழுப்பு கெடையாது, இது வெறும் சளி’ன்னு ராசம்மா இழுத்துக்கிட்டுப் போயிட்டா. இப்ப மருந்தே இல்லாம ஓடுது. மருந்து எடுக்குற உனக்கு என்ன கேடு?”

இராக்கம்மா அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. இத்தனை திட்டுக்கு நடுவில் சிரிப்பு வேறா என்று நல்லையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இனிமே உனக்கு மருந்து கெடையாது, போ.”

அவள் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பிடிச் சொல்லாதீங்கய்யா. நிறுத்துனா அந்தப் புள்ள மறுபடியும் இரைக்கும். ராசம்மாக்காவுக்குத் தெரியாம ரெண்டு வேளையும் நான்தான் போட்டு விடுறேன். ஒரு குப்பி ரெண்டு பேருக்குக் காணாதுங்க.”

நல்லையாவின் குரல் இறங்கிவிட்டது. “ஏம்மா, ஊரான் புள்ளைக்கா குடுத்தே?”

இராக்கம்மாவுக்கு அழுகையும் இரைப்பும் சேர்ந்து வந்தன. வாசலில் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“அந்த இழுப்பு என் வயித்துலருந்துதாங்க போச்சு.”