பட்டாசு மேடத்தின் கையெழுத்து

"மேடம், ஒரே ஒரு கையெழுத்து..."

சொல்லிவிட்டு இளம் டாக்டர் கண்ணை இறுக்கிக்கொண்டான். இதோ வெடிக்கப் போகிறது. மயக்கவியல் துறைத் தலைவிக்கு அந்த ஆஸ்பத்திரி வைத்திருந்த பெயரே 'பட்டாசு'.

ஆனால் இன்று பட்டாசு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தது. பச்சை அங்கி, தலையில் காகிதத் தொப்பி, இடது கையில் டிரிப்ஸ். பித்தப்பையில் கல். முப்பது வருடமாக ஊரையே தூங்கவைத்தவர், இன்று தன் முறைக்காக ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தார்.

"என்ன பேப்பர் அது?"

"மயக்கவியல் மேல்படிப்பு விண்ணப்பம் மேடம். உங்க பரிந்துரை இல்லாம வாங்க மாட்டாங்க."

விண்ணப்பம் கொடுக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி என்பதை அவன் சொல்லவில்லை. இரண்டு வாரமாகப் படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று ஓட்டியதையும் சொல்லவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஆறு மாதத்தில் ஒரு நல்ல வார்த்தை அவன் காதில் விழுந்ததில்லை. "உன்னையெல்லாம் எவன் பாஸ் போட்டான்?" என்பதுதான் அவர் சொல்லும் காலை வணக்கம்.

மணி நாலேகால்.

"இவ்வளவு நாள் ஏன் கேக்கல?"

"பயம் மேடம்."

மேடம் சிரித்தார். அந்த முகத்தில் பல் இருப்பதே அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

"கிட்ட வா, கண்ணா."

கண்ணாவா! அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

"போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு ஊசியைப் பாத்து அலறினாளே, ஞாபகம் இருக்கா? நீ பக்கத்துல உக்காந்து அவ ஸ்கூல் கதையைக் கேட்ட. கேட்டுக்கிட்டே ஊசியைப் போட்டுட்ட. அவளுக்குத் தெரியவே இல்ல. மருந்தோட அளவை யாருக்கு வேணா சொல்லித்தரலாம். இது சொல்லிக்கொடுத்து வராதுடா. எனக்கே பத்து வருஷம் ஆச்சு."

"அப்புறம் ஏன் மேடம் தினமும் திட்டினீங்க?"

"தேறுற பிள்ளையைத்தானே திட்ட முடியும்? தேறாததைத் திட்டி என் தொண்டைத் தண்ணி வத்துறதுதான் மிச்சம்." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "பேனாவைக் குடு. நீ வரலைன்னா இந்தத் துறைக்குத்தான் நஷ்டம்."

பேனாவை வாங்கிய விரல்கள் நடுங்கின. அதன் மூடியைத் திறக்கவே இரண்டு மூன்று தடவை தடுமாறின. அவனுக்குச் சுரீரென்றது.

ஊசி!

ஆபரேஷனுக்கு முன்னால் பதற்றம் தணிய ஓர் ஊசி போடுவார்கள். அது உள்ளே போய்விட்டால் ஊமையும் பேசுவான், கல்நெஞ்சும் கரையும். விழித்தபின் பேசியது ஒன்றும் நினைவில் இருக்காது. இது தெரிந்த டாக்டர், இப்படி உருகிப்போய் நிற்கிறானே! ஊசி போட்டாயிற்றா என்று யாரையும் கேட்கவே வேண்டாம். பட்டாசு வாயிலிருந்து 'கண்ணா' வந்ததே, அதைவிட வேறென்ன அத்தாட்சி?

அந்த ஊசிக்குப் பிறகு வாங்குகிற கையெழுத்து மறுநாள் வரைக்கும் செல்லாது. இது அந்தத் துறையின் முதல் பாடம். போன மாதம் அப்படி ஒரு நோயாளியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டப் போன ஒருவனை, வார்டே அதிர விரட்டியதும் இதே மேடம்தான்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனசு சொன்னது. பேனா முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது. அவன் வெடுக்கென்று படிவத்தை இழுத்துக்கொண்டான்.

"ஏன்டா?"

ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் வாதாடக் கூடாது. "இன்னும் நாள் இருக்கு மேடம். நாளைக்கு வாங்கிக்கிறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நாளைக்கா..." அவர் முகம் வாடிப்போனது. "சரி. உன் இஷ்டம்." கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் நடைவழிக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தான்.

"வாங்கிட்டியாடா?"

"இல்லக்கா. அடுத்த வருஷம்தான்."

"அடப்பாவி! ஒரு கையெழுத்துப் போட அந்தம்மாவுக்கு என்ன கேடு?"

"போட வந்தாங்கக்கா. நான்தான் பிடுங்கிட்டேன். என்னைப் பத்தி எவ்வளவு நல்லாப் பேசினாங்க தெரியுமா? அத்தனையும் மருந்து பேசினது." ஒரு வருடம் போனதைவிட, அந்த வார்த்தைகள் பொய்யாகிப் போனதுதான் அவனை அழவைத்தது.

எதிரே தியேட்டர் டியூட்டி டாக்டர், கையில் தட்டோடு வேகமாக வந்தார். "என்னப்பா, மேடத்தைப் பாத்தியா? எப்படி இருக்காங்க?"

அவன் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஊசி நல்லா வேலை செய்யுது சார்."

"எந்த ஊசி?" டியூட்டி டாக்டர் தட்டிலிருந்த சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினார், மருந்து ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. "பயத்துல காலையிலேர்ந்து கை நடுங்கிட்டுக் கிடக்கிறாங்க, இப்பதான் முதல் ஊசியே கொண்டு போறேன்."